அடித்தல் திருத்தல் இல்லாத பவுல்ராஜ்

“நான் எழுதுன நம்பர நானே அடிச்சதா சரித்திரம் கிடையாது அப்பு. முப்பது வருசம். வாலிபால், கபடி, கிரிக்கெட்டு, பள்ளிக்கூட ரிஜிஸ்டரு. எதுலயாச்சும் ஒரு அடித்தல் திருத்தல் காட்டு, இந்தக் கைய வெட்டிக் குடுத்துட்டுப் போறேன்.”

பவுல்ராஜ் இதை அறிவித்தது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு டீக்கடையில். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் வத்தலக்குண்டு பஸ் கிளம்புகிறதென்று பாதியிலேயே எழுந்து ஓடிவிட்டார். மீதி மூவரும் நம்பினார்கள். நம்பாமலிருக்கக் காரணமும் இல்லை. மாவட்டத்தில் எந்த மைதானத்தில் எந்தப் பந்து பறந்தாலும், ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும், அதில் பவுல்ராஜும், மடியில் பரீட்சை அட்டையும் இருப்பது வழக்கம். இரண்டு அணிகளும் சட்டையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டால்கூட, எழுந்து தட்டிவிட்டுக்கொண்டு வந்து, “பவுல்ராஜ் சார் தாள்ல என்ன இருக்கு?” என்றுதான் கடைசியில் கேட்பார்கள். தாளில் இருப்பதோடு சண்டை முடிந்துவிடும்.

இத்தனை பெரிய கீர்த்தியைச் சுமந்த உடம்பில் தைரியம் எந்தப் பாகத்தில் குடியிருந்தது என்பதை மட்டும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. பவுல்ராஜுக்கு நாய் பயம். குக்கர் மூன்றாவது விசிலுக்குத் தயாராகும்போது அடுப்படிப் பக்கம் போக மாட்டார். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டார். அது நின்ற பிறகு, யாராக இருக்கும் என்று ஒரு மணி நேரம் பயப்படுவார். அவர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதற்குத் திறமைதான் காரணம் என்று ஊர் நினைத்தது. காரணம் பயம். ஒரு எண்ணை மூன்று முறை பார்த்து, நாலாவது முறை பக்கத்திலிருப்பவரைப் பார்க்கச் சொல்லி, அப்புறம்தான் பேனாவைத் தாளில் வைப்பார். இப்படி எழுதுகிறவன் அடிக்க வேண்டி வருமா?

பயங்களுக்கெல்லாம் தலைமை வகித்தவை இரண்டு. ஒன்று, காலிக் கட்டம். மற்றொன்று, நல்லுசாமி.

பவுல்ராஜ் வேலை பார்த்தது அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில். அங்கே சேர்ந்த முதல் நாளே அவருக்குச் சொல்லித்தரப்பட்ட வேதம், ரிஜிஸ்டரில் காலி இடம் விடாதே என்பது. நீ விட்டால் வேறு எவனாவது நிரப்புவான், ஆடிட்டில் மாட்டுவது நீதான். ஆகவே எழுத ஒன்றுமில்லாத கட்டத்தில் பவுல்ராஜ் ஒரு சின்னக் கோடு போடுவார். முப்பது வருடத்தில் அவர் போட்ட கோடுகளை நீட்டி வைத்தால் தாடிக்கொம்பு வரைக்கும் போகும்.

நல்லுசாமி அந்தப் பள்ளியின் தாளாளர். சித்தையன்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பும், ஊருக்குள் தேங்காய் மண்டியும், வெள்ளைச் சட்டைக்குள் நல்ல விசாலமான உடம்பும் உள்ளவர். அவர் காலத்தில் பள்ளி நிர்வாகக் குழு கூடுவதற்கு முதல் நாளே கூட்ட நடவடிக்கைகளை எழுதி வைத்துவிடுவது பழக்கம். “தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது” என்று பவுல்ராஜ் சாயங்காலம் நாலு மணிக்கு எழுதுவார்; மறுநாள் பதினோரு மணிக்குத் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறும். ஒரு முறைகூடத் தவறியதில்லை. பவுல்ராஜ் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. ஓய்வூதியக் காகிதங்களில் தாளாளர் கையெழுத்துப் போட வேண்டும். ஆகவே தாளாளர் தும்மினால்கூட, அது தன் பணிப்பதிவேட்டின் மேல் தும்மியதாகவே பவுல்ராஜுக்குப் படும்.

இந்த இரண்டு பயங்களும் ஒரே கூரைக்குக் கீழே சந்தித்துக்கொள்ளும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

வத்தலக்குண்டு சாலையில் நல்லுசாமிக்கு ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு முகூர்த்தம் முகூர்த்தமாக அது சும்மா கிடந்தது. கோயம்புத்தூரில் மூடப்பட்ட ஒரு விளையாட்டுக் கூடத்திலிருந்து குண்டு உருட்டிக் கட்டை சாய்க்கும் பவுலிங் ஆட்டத்துக்கான இரண்டு தடங்கள் செகண்ட்ஹேண்டில் கிடைக்கின்றன என்று யாரோ சொல்ல, நல்லுசாமி லாரி அனுப்பிவிட்டார். ‘நல்லுசாமி மஹால்’ என்ற பெயர்ப் பலகையில் நடுவே ‘பவுலிங்’ என்று ஒரு வார்த்தை மட்டும் சேர்க்கப்பட்டது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மணமேடை இருந்த இடத்தில் இப்போது பத்துக் கட்டைகள் முக்கோணமாக நின்றன. பந்தி பரிமாறிய பக்கத்திலிருந்து குண்டை உருட்டிவிட்டால், அது மணமேடையை நோக்கிப் போய் அங்கே நிற்பவர்களைச் சாய்க்கும். பழைய ஆட்கள் இதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். திறப்பு விழாவன்று குண்டுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

கணக்குப் போடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரும் டிவியும் கூடவே வந்திருந்தன. பதினோரு நாள் வேலை செய்தன. பன்னிரண்டாம் நாள் ஒரு பல்லி உள்ளே போய் வயரோடு வயராகக் கருகியது. அன்று சாயங்காலமே தாளாளர் அறைக்குப் பவுல்ராஜ் கூப்பிடப்பட்டார்.

“பவுலு, நீதான ஊர்ல உள்ள மேட்சுக்கெல்லாம் எழுதுற? இதையும் எழுது.”

“ஐயா, அது எனக்குத் தெரியாதுங்கய்யா.”

“எனக்கு மட்டும் தெரியுமா? கத்துக்க.”

கற்றுக்கொடுத்தது மஹாலின் மேனேஜர் சிவபிரகாஷ். போனில் வீடியோ பார்த்துத் தேறியவன். ஆட்டத்துக்குப் பத்துக் கட்டம், கட்டத்துக்கு இரண்டு உருட்டு, நிற்பது பத்துக் கட்டை. எத்தனை விழுகிறதோ அத்தனை மார்க். முன்னால் உள்ள மொத்தத்தோடு கூட்டிக் கட்டத்துக்குக் கீழே எழுத வேண்டும். இதுவரைக்கும் பவுல்ராஜுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சந்தோஷமாகத் தலையாட்டினார்.

“முத உருட்டுலயே பத்தும் விழுந்துட்டா ஸ்ட்ரைக் சார். பெருக்கல் குறி போடுங்க. ஆனா மொத்தம் எழுதக் கூடாது.”

“ஏன்?”

“அடுத்த ரெண்டு உருட்டுல என்ன விழுதோ அதும் இந்தக் கட்டத்துக்குச் சேரும். அதனால காலியா விட்டு வைக்கணும்.”

காலியாகவா? சிவபிரகாஷ் உதாரணம் போட்டுக் காட்டினான். முதல் கட்டத்தில் ஸ்ட்ரைக். இரண்டாவது கட்டத்தில் ஆறும் மூன்றும். இப்போது பின்னால் திரும்பிப் போய், பத்தும் ஆறும் மூன்றும் பத்தொன்பது என்று முதல் கட்டத்தில் எழுத வேண்டும். அதோடு ஒன்பது கூட்டி இரண்டாவதில் இருபத்தெட்டு. இரண்டு உருட்டில் பத்தும் விழுந்தால் ஸ்பேர், சாய்வுக்கோடு. அதற்கு அடுத்த ஒரு உருட்டு மட்டும் சேரும். கடைசிக் கட்டத்தில் ஸ்ட்ரைக்கோ ஸ்பேரோ விழுந்தால் கூடுதல் உருட்டு உண்டு.

நடக்காத ஒன்றுக்காகக் கட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் கணக்கை அவர் வாழ்நாளில் கண்டதில்லை. கிரிக்கெட்டில் சிக்ஸர் அடித்தால் ஆறு. அடுத்த பந்தில் என்ன ஆகிறது என்று பார்த்து அந்த ஆறை யாரும் எட்டாக்குவதில்லை. ஆனாலும் மறுபேச்சில்லாமல் அன்று ஒரு ஆட்டம் எழுதிப் பார்த்தார். ஸ்ட்ரைக் விழுந்ததும் கை தானாகப் போய்க் காலிக் கட்டத்தில் சின்னக் கோடு ஒன்றைப் போட்டுவிட்டது.

“சார், இதுல கோடு போட்டா சைபர்னு அர்த்தம். ஒண்ணுமே விழலன்னு.”

முப்பது வருடமாகப் பாதுகாப்பு என்று எதை நம்பினாரோ, அதற்கு இந்த ஆட்டத்தில் பூஜ்யம் என்று பொருள். பவுல்ராஜ் அந்தத் தாளைக் கசக்காமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அது பயிற்சித்தாள் என்பதால் சரித்திரக் கணக்கில் சேராது என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். பிறகு மூன்று மாதம், காலிக் கட்டம் வரும்போதெல்லாம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். பார்த்தவர்கள் நல்ல ஸ்டைல் என்றார்கள்.

இந்த நிலையில்தான் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அமெச்சூர் ஆட்டக்காரர்களுக்கான மாநிலத் தேர்வுப் போட்டி. மாவட்டத்துக்கு ஒரே ஒருவர், ஆணோ பெண்ணோ. உள்ளூரில் போட்டி நடத்தி, வென்றவர் பெயரை ஸ்கோர் தாளின் அசலோடும் சுத்தப் பிரதியோடும் ஸ்கோரர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கடைசி நாள் திங்கட்கிழமை.

பதினோரு பேர் பெயர் கொடுத்தார்கள். அதில் ஒருவர் நல்லுசாமி. கால் இறுதியில் அவரோடு மோதியவர் அவருடைய மண்டிக்குத் தேங்காய் போடும் வியாபாரி. அவருக்கு அன்று கை வியர்த்து, குண்டு இருபது முறையும் ஓரத்துச் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. அரை இறுதியில் வந்தவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அவருக்குத் தோளில் வலி. இப்படி இயற்கையின் ஒத்துழைப்போடு நல்லுசாமி இறுதிக்கு வந்து சேர்ந்தார்.

மறுபக்கத்திலிருந்து வந்தவர் தமிழ்மதி. நாகல் நகரில் மாவு மில் வைத்திருப்பவர், வயது முப்பத்தெட்டு. இருபது வருடமாக மூட்டை தூக்கி மாவு இயந்திரத்தின் வாயில் கொட்டிய கை. குண்டை உருட்ட மாட்டார், தடத்தின் மேல் இறக்கி வைப்பார். அது தானாக வழி தெரிந்து போகும். தேங்காய் அவர் வாங்குவது வேறு கடையில், பிள்ளைகள் படிப்பது வேறு பள்ளியில். நல்லுசாமியிடம் ஆக வேண்டிய காரியம் என்று அவருக்கு எதுவுமே இல்லை. மாவட்டத்தில் அப்படிப்பட்ட ஆட்டக்காரர் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மஹாலில் முகூர்த்த நாள் கூட்டம். பவுல்ராஜ் எழுத, சிவபிரகாஷ் அதைப் பார்த்து வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதினான். எட்டுக் கட்டம் முடிந்தபோது நல்லுசாமி 101, தமிழ்மதி 99. ஒன்பதாவதில் தமிழ்மதி ஸ்பேர் போட்டார். அடுத்த உருட்டு தெரியும் வரை அவருடைய கட்டம் காலி. அதையே பவுல்ராஜால் பார்க்க முடியவில்லை. அடுத்து நல்லுசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குண்டை விட, பத்துக் கட்டையும் ஒரே சத்தத்தில் சாய்ந்தன. கூட்டம் எழுந்து நின்றது. ஸ்ட்ரைக்.

பவுல்ராஜ் பெருக்கல் குறி போட்டார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தார். இப்போது இரண்டு காலிக் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றன. அந்த நேரம் பார்த்து ஜவ்வாது வாசனை ஒன்று அவர் மேல் கவிந்தது. நிமிர்ந்து பார்க்காமலே யாரென்று தெரிந்துவிட்டது.

“எம்புட்டு இப்ப?” என்றார் நல்லுசாமி.

“ஐயா, அது அடுத்த ரெண்டு உருட்டு தெரிஞ்சாத்தான்...”

“அடுத்த ரெண்டும் பத்துப் பத்துதான். முப்பதுன்னு போட்டுக்க.”

இங்கே வாசகர்கள் பவுல்ராஜை அவசரப்பட்டுப் பழிக்கக் கூடாது. பதினோரு மணிக்கு நிறைவேறப்போகும் தீர்மானத்தை முதல் நாள் நாலு மணிக்கே எழுதிப் பழகிய கை அது. தாளாளர் சொன்னது இதுவரை எதுவும் நடக்காமல் போனதில்லை. தவிர, எழுதினால் ஒரு காலிக் கட்டம் மூடும். கை போய்விட்டது. நூற்று ஒன்றும் முப்பதும் நூற்று முப்பத்தொன்று. சிவபிரகாஷ் அதைப் பலகையில் ஏற்றினான். கூட்டம் விசில் அடித்தது. உருட்டி முடிந்ததும் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று பவுல்ராஜ் நினைத்தார். நினைத்தது நினைத்ததோடு நின்றது.

ஏனென்றால் தமிழ்மதி தன் பத்தாவது கட்டத்தை ஆட வந்துவிட்டார். முதலில் ஏழு. அது ஒன்பதாவது கட்டத்தின் ஸ்பேருக்குச் சேர்ந்து 116. மீதி மூன்றையும் அடுத்த உருட்டில் சாய்த்தார். கூடுதல் உருட்டில் எட்டு. மொத்தம் 134. பலகையைப் பார்த்தார், பக்கத்தில் 131 என்று நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். நல்லுசாமிக்கு இன்னும் நாலு கட்டை விழுந்தால் அவர் தோற்றார் என்பது கூட்டத்துக்கே தெரிந்துவிட்டது.

நல்லுசாமி ஏழு விழுத்தினார். அப்புறம் இரண்டு. கடைசிக் கட்டை ஒன்று ஆடி ஆடி, விழாமல் நின்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் ஆயிரம் வாலா வெடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பவுல்ராஜ் 131-உடன் ஒன்பதைக் கூட்டி 140 என்று எழுதினார். வென்றவர் என்ற இடத்தில் தாளாளர் பெயரை, இனிஷியலோடு, அழகாக எழுதினார். வெடிச் சத்தமும் அவருக்குப் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மரியநாதபுரத்து வீட்டிலிருந்து பவுல்ராஜும் மனைவி ஆனந்தமேரியும் சர்ச்சில் பூசைக்கு ஸ்கூட்டரில் போனார்கள். வழியில் மூன்று இடங்களில் பிளக்ஸ். நல்லுசாமி கையில் குண்டோடு, பின்னால் சிங்கத்தோடு, தலைக்கு மேலே மின்னலோடு நின்றார். ‘சென்னையை உருட்டப் புறப்படும் திண்டுக்கல் சிங்கமே’ என்ற வாசகத்துக்குக் கீழே, ஆள் உயரத்தில் 140. தான் எழுதிய எண் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததைப் பார்த்துப் பவுல்ராஜுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமைக்கு ஆயுள் இரண்டு மணி நேரம்.

வீட்டுக்கு வந்து, கை கழுவி, சுத்தப் பிரதி எழுத உட்கார்ந்தார். உருட்டு உருட்டாகப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தார். ஒன்பதாவது கட்டம். பெருக்கல் குறி. அடுத்த இரண்டு உருட்டு என்ன? ஏழு, இரண்டு. பத்தும் ஏழும் இரண்டும் பத்தொன்பது. நூற்று ஒன்றும் பத்தொன்பதும்...

மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி சட்டென்று தலைக்குப் பக்கத்தில் இறங்கி வந்த மாதிரி இருந்தது. மறுபடி கூட்டினார். விரல் விட்டுக் கூட்டினார். கால்குலேட்டரில் போட்டார். அது பழையது, நம்ப முடியாது என்று ஆனந்தமேரியின் போனை வாங்கி அதிலும் போட்டார். போனும் 120 என்றது. அதோடு பத்தாவது கட்டத்தின் ஒன்பது. 129. தமிழ்மதி 134. முப்பது வருடமாகக் கணக்கு அவரைக் கைவிட்டதில்லை. இன்றும் கைவிடவில்லை, அதுதான் சிக்கல்.

மத்தியானம் கோழிக்குழம்பு. ஞாயிற்றுக்கிழமைக் கோழியைப் பவுல்ராஜ் தொடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்ததும், யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்றே ஆனந்தமேரி முடிவு செய்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் குழம்புக்குள்ளேயே போட்டார்.

“வேற யாருக்காச்சும் தெரியுமா?”

“இல்ல.”

“அப்ப ரெண்டு வருசம் வாயத் தொறக்காதீங்க. பென்சன் பேப்பர்ல அவரு கையெழுத்துப் போட்ட மறுநாள் போய் ஊரக் கூட்டிச் சொல்லுங்க. இப்ப வெஞ்சனத்த வச்சுச் சாப்பிடுங்க.”

இது மிகவும் நியாயமாகப் பட்டது. பவுல்ராஜ் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். ஆனால் பயம் என்பது ஒரு பக்கம் கதவைச் சாத்தினால் மறுபக்கம் வருவது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாவது கட்டளையா, ஏழாவதா? எட்டுதான். எழுதியது சாட்சியில் சேருமா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னால், ஸ்ட்ரைக் என்றால் என்ன என்பதிலிருந்து அவருக்கு விளக்க வேண்டியிருக்குமே. துண்டை வாயிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்.

நாலு மணிக்கு வாசலில் யாரோ “அண்ணே” என்றார்கள். தமிழ்மதி. கையில் ஒரு கம்பு மாவுப் பொட்டலம்.

பவுல்ராஜ் மேஜை மேலிருந்த தாளின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதாவது, தாளை எடுத்து நாற்காலியில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தார். யோசித்துச் செய்ததல்ல.

ஆனந்தமேரி காபி கொடுத்தார். தமிழ்மதி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சொன்னார். சென்னை போவதற்கு ரயில் டிக்கெட் போட்டிருந்தாராம், வெயிட்டிங் லிஸ்ட்டில் நாலாவது. காலையில் கேன்சல் செய்துவிட்டாராம். இரண்டு நாளைக்கு மில்லைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட வீட்டுக்காரர், இப்போது தான் ரொம்ப வருத்தப்படுவதாக நடித்துக்கொண்டு திரிகிறாராம். சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“தோத்ததுக்குச் சங்கடமில்லண்ணே. எந்த எடத்துல விட்டேன்னு பாத்தா அடுத்த வருசம் சரி பண்ணிக்கலாம்ல. அந்தத் தாள ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்.”

“தாளு ஸ்கூல்ல இருக்கு. பீரோவுல. பூட்டி” என்றார் பவுல்ராஜ். அவருக்குக் கீழே தாள் மொறுமொறுவென்றது.

“சரிண்ணே, நாளைக்கு வாரேன். எனக்கென்னமோ என் கணக்குல நாலு ஜாஸ்தி வரணும்னு ஒரு நெனப்பு. நம்ம கூட்டுறதெல்லாம் ஒரு கூட்டலா? நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும். தப்பு என்கிட்டதான்.”

அவர் போன பிறகு பவுல்ராஜ் எழுந்து தாளைத் தட்டி நீவினார். ஆனந்தமேரி மாவுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

“ஏங்க, அந்தப் பொம்பள ஏன் இம்புட்டு நல்லவளா இருக்கு? நாலு வார்த்தை திட்டிட்டுப் போயிருந்தா நமக்கு நிம்மதியா இருந்திருக்கும்.”

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தாளாளர் அறை. பவுல்ராஜ் காலையில் மூன்று முறை பாத்ரூம் போயிருந்தார். நல்லுசாமி போனில் பிளக்ஸ்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரம் ரோட்டில் நாலாவது ஒன்று வைக்க வேண்டும், சிங்கத்தைக் கொஞ்சம் பெரிதாக்கு என்று உத்தரவு போய்க்கொண்டிருந்தது. மேஜையில் சென்னைக்குப் போகும் கவர், மேல்விலாசம் எழுதி, வாயைத் திறந்தபடி கிடந்தது. அவர் போனை வைக்காமலே, கையெழுத்தைப் போட்டு உள்ளே வை என்று சைகை காட்டினார்.

பவுல்ராஜ் அசல் தாளை விரித்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டுவிடலாம். அரை நிமிட வேலை. பேனா தாளுக்கு அரை விரல் உயரத்தில் நின்றது. அதற்குமேல் இறங்க மறுத்தது.

“ஐயா” என்றார்.

நல்லுசாமி போனைக் காதிலிருந்து எடுத்தார்.

“ஒன்பதாவது கட்டத்துல முப்பது வராதுங்கய்யா. பத்தொன்பதுதான் வருது. உங்க மொத்தம் நூத்தி இருபத்தொன்பது.” குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி அவருக்கே கேட்டது. “அந்தம்மா நூத்தி முப்பத்தி நாலு.”

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. போனுக்குள் பிளக்ஸ்காரர் ஹலோ, ஹலோ என்றார். நல்லுசாமி அதை அணைத்தார். தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்தார். கணக்கில் அவர் கெட்டி. தேங்காய் எண்ணியே வளர்ந்தவர். பார்த்த உடனே புரிந்துவிட்டது என்பது கழுத்து விறைத்ததில் தெரிந்தது.

“நான்தான முப்பதுன்னு போடச் சொன்னேன்?”

“ஆமாங்கய்யா.”

“நான் சொன்னா அப்படியே போட்டுருவியா?”

“முப்பது வருசமா அப்படித்தான்யா போட்டுட்டு இருக்கேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று பவுல்ராஜுக்கு உறைத்தது. ஓய்வூதியக் காகிதங்கள் ஒவ்வொன்றாகச் சிறகு முளைத்து ஜன்னல் வழியாகப் பறந்து போவதைக் கண்ணால் கண்டார்.

நல்லுசாமி சாய்ந்து உட்கார்ந்தார். “ஊர் முழுக்க நூத்தி நாப்பதுன்னு எழுதி ஒட்டியாச்சு பவுலு” என்றார். கோபத்தில்கூடச் சொல்லவில்லை; அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “உனக்கு ரெண்டு வருசம் இருக்கு. எனக்கும் ஞாபகம் இருக்கும். தாள்ல என்ன இருக்கோ அதுல கையெழுத்தப் போடு.”

தாள் மறுபடி பவுல்ராஜ் பக்கம் நகர்ந்து வந்தது.

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பேனாவை 131-இன் மேல் வைத்து இடமிருந்து வலமாக இழுத்தார். கோடு நேராக விழவில்லை. பாதியில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பக்கத்தில் 120 என்று எழுதி, ஆபீஸ் முறைப்படி ‘ப.ரா.’ என்று சுருக்கொப்பம் போட்டு, தேதியும் எழுதினார். எதிரே நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. நிமிரவில்லை. அடுத்து 140. இந்தக் கோடு முதலாவதைவிடக் கொஞ்சம் நேராக வந்தது. 129, சுருக்கொப்பம், தேதி.

வென்றவர் என்ற இடத்தில் இருந்த பெயர் நீளம். இனிஷியலில் தொடங்கி அதன் மேல் மெதுவாகக் கோட்டை இழுத்துக்கொண்டு போனார்.